கூடு மாறிய குரு
(திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவன் சமயத்தைப் பரிகசிக்கும் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்தபொழுது, கோணேசப் பெருமானின் சந்நிதிக்கு இத்தனை அருகில் அந்த விஷயம் தகுமா என்று அன்பர் சிலர் தயங்கியதை நான் அறிவேன். அந்தத் தயக்கத்தை நான் அற்பமாக மதிக்கவில்லை. ஆயினும் நான் பேச எடுத்துக்கொண்ட பரிகாசம் மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கன்று. தேவாரம் பிறந்த அதே நாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்தது என்பதைக் கேட்டபின், தயங்கியவர்களே முன்வரிசையில் வந்து அமர்ந்துவிட்டார்கள் என்பதைக் காண மகிழ்ச்சியாயிருக்கிறது.

படத்தின் பெயர் ‘பகவதஜ்ஜுகம்’. கேரளத்தைச் சேர்ந்த யது விஜயகிருஷ்ணன் என்பவர் அதனைச் சம்ஸ்கிருதப் படமாகவே எடுத்தார். 2021ஆம் ஆண்டு கோவாவில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமாப் பிரிவில் அது இடம்பெற்றது. படம் புதிது, கதை மிகப் பழையது. அதே பெயருடைய பிரஹசனம், அதாவது ஹாஸ்ய நாடகம், ஒன்று உண்டு. அதனை இயற்றியவர் போதாயனர் என்று ஒரு சாரார் கூறுவர். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள மாமண்டூர்ப் பல்லவர் குகைக் கல்வெட்டு இந்நாடகத்தின் பெயரை மகேந்திரவர்ம பல்லவனின் ‘மத்தவிலாசம்’ என்ற பிரஹசனத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்வதால், அவனே இதனையும் எழுதினான் என்று வேறு சிலர் கொள்வர். எழுதிய கை எவருடையதென்பதை அறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். 7ஆம் நூற்றாண்டின் காஞ்சியில் இந்த நாடகம் அறியப்பட்டிருந்தது என்பது நமக்குப் போதும். திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே கடலுக்கு அப்பாலிருந்த நம் கோணமாமலையைப் பாடினார் என்று சேக்கிழார் சொல்லும் நிகழ்ச்சியும் அதே நூற்றாண்டைச் சேர்ந்ததே. இறைவனை உருகிப் பாடவும் சந்நியாசியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கவும் அக்காலத்தவர்க்கு ஒரே வாய் போதுமானதாயிருந்தது என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். யோக சித்தி கைவந்த துறவி ஒருவர். அவருக்குச் சாண்டில்யன் என்றொரு சிஷ்யன். இந்தச் சாண்டில்யன் ஞானத்தைத் தேடி வந்தவனல்லன். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பசியைத் தவிர வேறெதையும் வயிறு நிறைய அறியாமல் வளர்ந்து, விடியற்காலையிலேயே உணவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பௌத்த பிக்ஷுக்களோடு போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உணவு என்று கண்டதும் காவியைக் கழற்றிவிட்டு, கடைசியில் இந்தக் குருவிடம் வந்து ஒட்டிக்கொண்டவன் அவன். குரு உடல் வேறு, ஆன்மா வேறு என்று உபதேசிக்கிறார். சிஷ்யனோ, குரு தன்னை விட்டுவிட்டுத் தனியே பிச்சைக்குப் போய்விட்டு வந்தாரோ என்ற சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறான். இருவரும் ஒரு பூந்தோட்டத்தில் நுழைகிறார்கள். அதே தோட்டத்துக்கு வசந்தசேனை என்னும் கணிகை, தன் காதலன் இராமிலகனின் வரவை நோக்கித் தோழியரோடு வருகிறாள். அவள் பாட, சிஷ்யன் உபதேசத்தை மறந்து மெய்ம்மறந்து நிற்கிறான்.

இந்த வேளையில் யமதூதன் வந்து சேர்கிறான். வசந்தசேனை என்ற பெயருடைய ஒருத்தியின் ஆயுள் முடிந்துவிட்டதால் அவளுடைய உயிரைக் கொண்டுவரும்படி அவனுக்குக் கட்டளை. பெயர் பொருந்தியது, ஆள் பொருந்தியதா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. பாம்பு தீண்டி இந்த வசந்தசேனை சாய்கிறாள்; உயிரை எடுத்துக்கொண்டு தூதன் போய்விடுகிறான். துறைமுகத்தை அண்டி வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டியின்மேல் எழுதிய பெயர் ஒன்றாயிருந்தமையால் ஒரு வியாபாரியின் சரக்கை வேறொரு வியாபாரியின் கணக்கில் இறக்கிவிட்டு, கப்பல் புறப்பட்டபின் தலையில் கைவைத்துக்கொள்ளும் குமாஸ்தாவுக்கும் இந்தத் தூதனுக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை.

சாண்டில்யன் அழுகிறான், குரு அசையவில்லை. இரக்கமற்றவரே என்று சிஷ்யன் குருவை வைகிறான். சிஷ்யனுக்கு யோகத்தின் மகிமையைக் காட்டிப் புத்தி புகட்ட இதுவே தருணமென்று கருதிய குரு, தம் உடலை மரத்தடியில் விட்டுவிட்டுக் கணிகையின் உடலுக்குள் புகுந்துவிடுகிறார். செத்தவள் எழுகிறாள். தாய் மகிழ்ந்து ஓடிவருகிறாள். காதலன் கையை நீட்டுகிறான். எழுந்தவளோ, தீண்டாதே என்று விலகி, வைராக்கியத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். விஷம் தலைக்கேறிவிட்டது என்று வைத்தியரை அழைக்கிறார்கள். வந்த வைத்தியரின் சாஸ்திர ஞானத்தைக் கணிகையின் வாய் குறுக்கு விசாரணை செய்யவே, அவர் மெல்ல நழுவிவிடுகிறார். இதற்கிடையில், தவறான ஆளைக் கொண்டுவந்ததற்காக யமனிடம் வசை வாங்கிக்கொண்ட தூதன் உயிரைத் திருப்பி வைக்க ஓடிவருகிறான். வைக்க வேண்டிய உடல் காலியாக இல்லை. என்ன செய்வான்? பக்கத்தில் காலியாகக் கிடந்த துறவியின் உடலில் கணிகையின் உயிரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறான். காஷாயம் உடுத்த கிழவர் எழுந்து, ‘என் இராமிலகன் எங்கே?’ என்று நெளிகிறார்.

இக்கதையில் ஓர் அற்புதம் இருக்கிறது. அது உயிர் கூடு மாறியதன்று. இந்த நாடகத்தில் துஷ்டன் என்று ஒருவன்கூட இல்லை. போலிச் சாமியார் இல்லை. காசு பறிப்பவன் இல்லை. குரு மெய்யான யோகி, அவருடைய சித்தி மெய்யான சித்தி, அவர் போதித்த தத்துவமும் பொய்யன்று. உடல் வேறு, உயிர் வேறு என்று நாடகத்தின் முற்பகுதியில் வாயால் சொன்னதைப் பிற்பகுதியில் கண்ணால் காட்டிவிடுகிறார். இத்தகைய நிரூபணம் எந்த வேதாந்த சபையிலும் நடந்ததில்லை. ஆனால் நிரூபணம் ஆன கணத்திலிருந்து உலகமே தலைகீழாகிவிடுகிறது: தாய்க்கு மகள் இல்லை, காதலனுக்குக் காதலி இல்லை, சிஷ்யனுக்குக் குரு இல்லை. தினந்தோறும் நாம் ஒப்புக்கொண்டு தலையசைக்கும் ஒரு சித்தாந்தம் ஒருநாள் மெய்யாகவே நடந்துவிட்டால் நம்மால் அதைச் சகிக்க முடியாது என்பதே இந்நாடகத்தின் ஹாஸ்யம் என்பது என் அபிப்பிராயம். சிரிப்பு சித்தாந்தத்தைப் பார்த்தன்று. அதை நம்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் பார்த்து.

இதே நிகழ்ச்சி ஹாஸ்யமே இல்லாமல் நம் சமயத்தில் வேறு இடங்களில் வருவதை நீங்கள் நினைவுகூர்ந்திருப்பீர்கள். ஆதி சங்கரர், வாதத்தில் எதிர்நின்ற உபயபாரதியின் கேள்விகளுக்கு விடை தேட அமருகன் என்னும் அரசனின் உடலில் புகுந்தார் என்றும், குரு வரத் தாமதமாகவே சிஷ்யர்கள் கலங்கிப்போனார்கள் என்றும் சங்கர விஜயக் கதைகள் கூறும். சம்ஸ்கிருதத்தில் எடுக்கப்பட்ட முதல் படம், 1983இல் ஜி. வி. ஐயர் இயக்கிய ‘ஆதி சங்கராச்சார்யா’ என்பதையும், அதே மொழியில் பின்னர் வந்த ‘பகவதஜ்ஜுகம்’ பிறர் உடலிற் புகும் பரகாயப் பிரவேசத்தையே கேலிப் பொருளாக்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சுவையாயிருக்கிறது.

அதனினும் நமக்கு நெருங்கியது திருமூலர் வரலாறு. கைலையிலிருந்து தெற்கே வந்த யோகியார், காவிரிக்கரைச் சாத்தனூரில், இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு மனமிரங்கி, அவன் உடலிற் புகுந்து, பசுக்களை வீடுகளுக்கு ஓட்டிச் சென்றார் என்பது பெரியபுராணம். மாலையில் கணவன் வரவில்லையே என்று தேடிவந்த மூலனின் மனைவி அவரைத் தொட நெருங்க, உனக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று கூறி அவர் ஒரு மடத்தினுள் சென்றுவிட்டார். மறுநாள் அவள் ஊராரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி மீட்க இயலாது என்று அவளிடம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான், அதன்பின் புராணம் திருவாவடுதுறைக்குப் போய்விடுகிறது, திருமந்திரம் பிறந்துவிடுகிறது, நாமும் கைகூப்பிவிடுகிறோம். அந்தப் பெண் என்ன ஆனாள்? பசுக்களின் அழுகைக்கு இரங்கிய கருணை அவள் அழுகைக்கு ஏன் இரங்கவில்லை? அந்த நாயனாரிடத்தில் எனக்குள்ள பக்திக்கு எவ்விதக் குறைவுமின்றியே இதைக் கேட்கிறேன்.

பிரஹசனம் எழுதியவன் யோகியின் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. மூலனின் மனைவி நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால் யோகமும் ஒரு பெருங்குழப்பமாகவே தெரியும். யோகியின் அருகிலிருந்து சொன்னால் புராணமாகும் ஒரு சம்பவம், வாசலில் காத்து நிற்பவளின் அருகிலிருந்து சொன்னால் ஹாஸ்யமாகிவிடுகிறது. இரண்டும் பொய்யல்ல.

பகவதஜ்ஜுகத்தை எழுதியவன் எவனாயினும், ‘மத்தவிலாசம்’ மகேந்திரவர்மனுடையதே என்பதில் ஐயமில்லை. அதில் காஞ்சித் தெருவில் குடித்துத் தள்ளாடும் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, எதிரே வந்த நாகசேனன் என்ற பௌத்த பிக்ஷுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். வழக்கைத் தீர்க்கப் பாசுபதன் ஒருவன் வருகிறான். பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு போனதோ ஒரு நாய். அப்பர் பெருமானால் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவன் என்று மரபு கூறும் இந்த அரசன், காபாலிகன், பாசுபதன் ஆகிய சிவபக்தர் இருவரையுமே முதலில் மேடையேற்றிச் சிரிக்கவைத்தான் என்பதைக் கவனியுங்கள். பிக்ஷுவுக்குக் கிடைத்த அடியைவிடத் தன் வீட்டாருக்குக் கிடைத்த அடி குறைந்ததன்று. பிறர் சமயத்தை மட்டும் கேலி செய்பவனுக்கு ஹாஸ்யம் வராது, விரோதந்தான் வரும் என்பதை அவன் அறிந்திருக்கிறான். கேரளத்தில் கூடியாட்டம் என்னும் சம்ஸ்கிருத நாடகக் கலையை ஆடும் சாக்கியார்கள் இந்த நாடகத்தைக் கோயில்களில் நேர்ச்சையாகவே ஆடி வந்தார்கள். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதனை ஆடச்செய்வது அங்கே சம்பிரதாயம். சிவனடியாரைக் கேலிசெய்யும் நாடகத்தையே சிவன் சந்நிதியில் காணிக்கையாக வைக்கும் மனம் எவ்வளவு விசாலமானது! பகவதஜ்ஜுகத்தையும் கூடியாட்டத்தில் மீண்டும் மேடையேற்றிய பெருமை, 1970களில் அதனை ஆட்டமாக அமைத்த பைங்குளம் இராம சாக்கியாரையே சாரும்.

தொலைந்த பொருளும் அதைப் புனிதமென்று கட்டிக்கொண்டவனும் என்ற இழை அறுபடவில்லை. 2014இல் வந்த ‘பிகே’ என்ற இந்திப் படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனிடமிருந்து பறிபோன கருவி, ஒரு சாமியாரின் கையில் சிவபெருமானின் உடுக்கைத் துண்டாகிவிடுகிறது. அந்தப் படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். ஆகவே மேலே செல்கிறேன்.

மேனாட்டில் சமயத்தைப் பரிகசிக்கும் படங்களுள் பிரசித்தி பெற்றது ‘லைஃப் ஆஃப் பிரையன்’. மாண்டி பைத்தான் குழுவினர் துனீசியாவில் சென்று எடுத்து, டெரி ஜோன்ஸ் இயக்கி, 1979இல் வெளிவந்தது. இயேசு பிறந்த அதே இரவில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்துவிட்ட பிரையன் என்பவனிடம் மூன்று ஞானிகளும் முதலில் வந்து காணிக்கை வைத்துவிட்டு, தவறை உணர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். வளர்ந்தபின் அவனை இரட்சகனென்று ஜனங்கள் துரத்துகிறார்கள். அவன் விட்டுப் போன ஒற்றைச் செருப்பைக் கொண்டு ஒரு சாரார் ஒரு நெறியையே தொடங்கிவிடுகிறார்கள். பணம் போட ஒப்புக்கொண்ட கம்பெனி கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், கண்ணன் மீது பாட்டுக் கட்டிய அதே ஹாரிசன், கைகொடுத்துப் படத்தை முடிக்கச் செய்தார். நார்வே தடை செய்தது. அயர்லாந்து 1987 வரை தடை செய்தது.

அந்தப் படத்தைவிட அதைப் பற்றி நடந்த விவாதமே எனக்கு அதிகச் சுவை தருவது. 1979 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சியில் படத்தைக் கண்டித்துப் பேச வந்தவர்கள் இருவர்: சதர்க் பிஷப் மெர்வின் ஸ்டாக்வுட் அவர்களும், இளமையில் கேரளத்து ஆலுவாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மால்கம் மகரிஜ் அவர்களும். இவ்விருவரும் படம் பார்க்கத் தாமதமாக வந்து, இயேசு வேறு, பிரையன் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டும் தொடக்கக் காட்சிகளைத் தவறவிட்டார்கள் என்று படக்குழுவினர் பின்னாளில் கூறியுள்ளனர். அப்படியானால் படத்துக்குள்ளே ஜனங்கள் செய்த அதே ஆள்மாறாட்டத்தைப் படத்துக்கு வெளியே இந்தப் பெரியவர்களும் செய்தார்கள்! விமர்சனம் எழுதும் என்னைப் போன்றவர்கள் படமாளிகைக்கு நேரத்தோடு போக வேண்டியதன் அவசியத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

இனி நம் தமிழ்ப் படங்கள். 1949இல் அறிஞர் அண்ணாதுரை கதை வசனம் எழுத, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய ‘வேலைக்காரி’யில், தந்தையைப் பறிகொடுத்த ஆனந்தன் காளி சந்நிதியில் நின்று ஆத்திரத்தோடு கேள்வி கேட்கிறான், பின்பு இறந்துபோன பரமானந்தன் என்ற சீமான் மகனின் பெயரைப் பூண்டு எதிரியின் வீட்டிலேயே மருமகனாக நுழைகிறான். சமய விசாரணையும் ஆள்மாறாட்டமும் இரண்டுமே அதில் இருக்கின்றன. ஆனால் சிரிப்பு இல்லை, கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணங்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக இருந்தன. இருந்தும், அதன்பின் வந்த தமிழ்ப் படங்கள் சாமியாரைக் கேலி செய்யும்போதெல்லாம் அவனை முதலில் அயோக்கியனாக்கிவிட்டே கேலி செய்யும் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டன. அயோக்கியனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். படம் பார்ப்பவன் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நல்ல குருவை, மெய்யான சித்தி பெற்ற குருவை, மேடையில் நிறுத்தி, அவரை ஒரு குறையும் சொல்லாமல் நம்மைச் சிரிக்கவைக்கும் துணிவு காஞ்சிக்கு இருந்தது. கோடம்பாக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

பகவதஜ்ஜுகத்தில் ஒரு நுட்பம். பழைய நாடக மரபின்படி துறவி சம்ஸ்கிருதம் பேசுவார், கணிகை பிராகிருதம் பேசுவாள். உயிர் மாறியதும் பாஷையும் மாறிவிடுகிறது: பெண்ணுடலிலிருந்து கடுஞ் சம்ஸ்கிருதமும், துறவியின் உடலிலிருந்து கொஞ்சும் பிராகிருதமும் வருகின்றன. உயிர் எந்தக் கூட்டில் இருக்கிறதென்பதைக் கண் சொல்லவில்லை, காதுதான் சொல்லுகிறது. இதைக் கேட்டதும் நம்மவர்க்கு ‘கோமாளிகள்’ ஞாபகம் வராமற்போகாது. இலங்கை வானொலியில் நாடகமாக ஒலித்து, 1976இல் படமாக வந்த அந்தக் கதையில், ஆளுக்கு ஆள் வேறுபட்ட பேச்சே பாத்திரத்தின் அடையாளம். ராமதாஸ் என்ற பெயருடைய கலைஞர் அதில் முஸ்லிம் பாத்திரமாகப் பேசிய பேச்சு அவ்வளவு பொருந்திவிட்டதால், வாழ்நாள் முழுவதும் ‘மரிக்கார்’ ராமதாஸ் என்றே அழைக்கப்பட்டார். செல்வசேகரன் ‘உபாலி’ செல்வசேகரன் ஆனார். வேடம் களைந்த பின்னும் பெயர் களையப்படவில்லை, அதனால் ஒருவருக்கும் மனத்தாங்கலும் உண்டாகவில்லை. அந்தப் படம் வந்த சில ஆண்டுகளுக்குள் இந்த நாட்டில் பேச்சையும் பெயரையும் கேட்டு ஆளை அடையாளங்காண்பது சிரிப்புக்குரிய விஷயமாக இல்லாமற்போயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பேச்சையும் பெயரையும் கொண்டு ஆளைக் கணிப்பது பிசகும் என்பதற்கோர் உதாரணம் நம் மாவட்டத்திலேயே கல்லில் நிற்கிறது. நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்துப் பக்கம், தமிழர் நாதனார் கோயில் என்று சொல்லிவந்த இடம் உண்மையில் ஒரு பௌத்த விகாரை. வெல்கம் விகாரை என்பது அதன் பெயர். இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் அதனைக் கூறுகின்றன. விளக்கும் பசுவும் கொடுத்தவர்கள் தமிழர். பௌத்தன் என்றால் ஒரு மொழி, சைவன் என்றால் ஒரு மொழி என்று பெட்டிமேல் பெயரெழுதிவைத்திருக்கும் இருதரப்பாரையும் அந்தக் கற்கள் திகைக்க வைக்கின்றன. சாண்டில்யன் காவியைக் கழற்றிய மடம் எது என்று நாடகம் சொல்லவில்லை. அங்கே தமிழ் பேசிய பிக்ஷுக்களும் இருந்திருக்கக் கூடும்.

கூடு மாறுவது பற்றிப் பேசுகையில் ஒருவரை விட்டுவிட முடியாது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கோடு சேர்ந்து, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுள் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர் மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர். ‘ரன்முத்து தூவ’ என்ற முதல் சிங்கள வண்ணப் படத்தை 1962இல் எடுத்தவரும், பின்னர் ஜேம்ஸ் பாண்டைக் கேலி செய்து ஒரு படம் எடுத்தவரும் அவரே. அந்த மனிதர் சிலகாலத்துக்குப் பின் எல்லாவற்றையும் விட்டுச் சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு காவி தரித்துக்கொண்டார். கேலிப் படம் எடுத்தவர் சந்நியாசியானதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

பகவதஜ்ஜுக நாடகத்தின் முடிவை இன்னும் சொல்லவில்லை. யமதூதன் வேடிக்கை பார்த்து அலுத்தபின் துறவியை வேண்டிக்கொள்ள, உயிர்கள் தத்தம் கூட்டுக்குத் திரும்புகின்றன. தூதனுக்குத் தண்டனை எதுவும் இல்லை; உத்தியோகம் போனதாகவும் தெரியவில்லை. வசந்தசேனை இராமிலகனோடு போகிறாள். எல்லாவற்றையும் பார்த்துக் குழம்பி நின்ற சாண்டில்யன், சுவாமி, இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். அது பெரிய கதையப்பா, இருப்பிடம் போய்ச் சொல்லுகிறேன் என்கிறார் குரு. பொழுது சாய்கிறது; இருவரும் நடக்கிறார்கள். அங்கு போய்க் குரு கதையைச் சொன்னாரோ என்னவோ. சாண்டில்யனை நான் அறிந்தவரையில், அவன் முதலில் இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரித்திருப்பான்.